நடக்காத வரியை எழுதாதவர்

எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு அம்மாள் தினமும் காலை ஆறே காலுக்குக் கணவரை விட்டுப் பிரிகிறார்; மாலை ஆறரைக்குள் மனம் மாறித் திரும்பிவிடுகிறார். இதுதான் வதந்தி. ஆதாரமில்லாத வதந்தி என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில், நான்கு சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை அவர் வாசல்படியில் இறக்கும்போது டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்கும். உடனே ஏழெட்டுச் சன்னல்கள் திறக்கும். அம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, கான்வாஸ் காலணி தரையில் பதிய, நேராக ரயில் நிலையப் பக்கம் போய்விடுவார்.

"இருபத்தெட்டு வருஷக் குடித்தனம்," என்றார் எதிர் மாடியில் குடியிருக்கும் அம்மாள். "போறவள அந்த மனுஷன் ஒரு வார்த்த தடுக்கிறதில்ல பாருங்க. கதவ சாத்திக்கிட்டு உள்ள போயிடறாரு."

"சாயங்காலம் வந்துடறாங்களே?"

"வராம எங்க போவா?"

ஒருமுறை பிரிந்தால் அது சோகம். வாரத்துக்கு ஐந்து முறை, அதுவும் ஒரே நேரத்துக்குப் பிரிந்தால் அது கால அட்டவணை. சனி ஞாயிறு விடுமுறை விட்டுப் பிரிகிற தம்பதியை நான் கேள்விப்பட்டதில்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் கணவரைப் பிடித்தேன். அவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் திருகாணி போடுகிறவர். என் கண்ணாடியின் காது ஆடுவதாகச் சொல்லி நீட்டினேன். அது ஆடவில்லை என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"நீங்களும் கேக்க வந்துட்டீங்களா?" என்றார். "அவ ஆபீசுக்குப் போறா சார்."

"பெட்டியோடவா?"

"பெட்டிதான் ஆபீசு."

"அப்ப தெருவுல பேசிக்கிறது?"

அவர் முதலாளி இருக்கிற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மாடிவீட்டம்மா மத்தியானம் ஒரு பாத்திரம் குடுத்தனுப்பறாங்க. நாலாம் வீட்டுலேருந்து ராத்திரிக்கு ஒண்ணு வருது. 'மனசத் தளர விட்டுடாதீங்கண்ணா'ன்னு சொல்லி வேற குடுக்கறாங்க. நான் போயி இல்லைன்னு சொன்னேன்னு வைங்க, பாத்திரம் நின்னுடும். நீங்க எழுதி கிழுதி வெச்சுடாதீங்க."

கண்ணாடியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். வீட்டில் அம்மாள் எப்படி என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். காலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்ததாம். அழகான, சாயாத கையெழுத்து:

'பால் இரண்டாம் தட்டில், இடது ஓரம். முதல் தட்டில் வெள்ளையாக இருப்பது பால் அல்ல, ஒட்டுப் பசை. கதவை மூடும்போது லேசாகத் தூக்கி அழுத்தவும். மூடியதுபோலத் தெரியும், மூடியிருக்காது.'

"இருபத்தெட்டு வருஷமா அந்த வீட்டுல நான் புருஷனே இல்ல சார்," என்றார் அவர். "மாநாட்டுக்கு வெளியூர்லேருந்து வந்த பிரதிநிதி."

மறுநாளிலிருந்து அம்மாளைப் பின்தொடர்ந்தேன். நான்காவது நாள், ரயில் நிலையத்துத் தெற்கு வாசலில், அவர் சட்டென்று நின்று திரும்பினார்.

"மொத நாளு நூத்தம்பது அடி தள்ளி வந்தீங்க. இன்னைக்கு அறுபது. தைரியம் வந்துடுச்சு போல. பத்திரிகைக்காரத் தம்பிதானே?"

ஆமாம் என்றேன்.

"சும்மாதானே வர்றீங்க? இந்தக் கைப்பிடியப் பிடிங்க. ஆம்பளைக்கு எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கணும்."

நான் இழுத்தேன். பெட்டி வர மறுத்தது. எனக்கு வியர்த்தது. அம்மாள் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். ஓடு பெயர்ந்த நடைபாதையில் சக்கரம் மாட்டியபோது உதவவில்லை. மாட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டார். போக்குவரத்து விளக்கில் சாலையைக் கடக்க எனக்குக் கிடைத்தது பதினெட்டு நொடி. எனக்குத் தேவைப்பட்டது இருபத்தாறு. மிச்ச எட்டு நொடியில் ஒரு லாரிக்காரர் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அதையும் அம்மாள் குறித்துக்கொண்டார், லாரிக்காரரின் சொற்களை விட்டுவிட்டு.

"கைய வீசி நடந்தா பன்னெண்டு நிமிஷம்," என்றார் மாநாட்டு அரங்கின் வாசலில். "பெட்டியோட இருபத்தொண்ணு. நீங்க இருபத்தி நாலு. உடம்பப் பாத்துக்கங்க."

இனி அவரைப் பெட்டியக்கா என்றே சொல்கிறேன். அலுவலகத்தில் அதுதான் பெயர்; அவர் முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் ஒரு கல்வி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சர்வதேசக் கல்வி மாநாடு நடத்தும். நாற்பது நாடுகளிலிருந்து நானூறு பேர் வந்து, பள்ளிக்கூடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து நாள் பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்து இறங்கியதிலிருந்து அரங்கில் உட்காருகிறவரை எது எங்கே, எப்படிப் போவது, எங்கே ஏமாறக் கூடாது என்று சொல்கிற 'பிரதிநிதிகளுக்கான பயணத் தகவல்' என்ற முப்பத்திரண்டு பக்கக் கையேட்டை எழுதுகிறவர் பெட்டியக்கா. ஒன்பது வருடமாக எழுதுகிறார். ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு ஒப்பந்தம். மாநாடு முடிந்தால் அவரும் முடிந்தார். அடுத்த ஒப்பந்தத்தில் மறுபடி பிறப்பார்.

பெட்டியின் எடை சரியாக இருபத்து மூன்று கிலோ. விமானத்தில் அனுமதிக்கிற அளவு அதுதான் என்பதால் அதற்குக் குறைந்து எந்தப் பிரதிநிதியும் கொண்டுவருவதில்லை என்பது அவர் கணக்கு. உள்ளே என்ன என்று திறந்து காட்டினார். போன மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு, ஒன்பது பிரதி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

"யாராச்சும் படிச்சாங்களான்னு தெரியாது தம்பி. ஆனா எடைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது."

அவருக்கு முன்பு இந்தக் கையேட்டை எழுதிய அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். வரைபடத்தைப் பார்த்தே எழுதினார். அரங்கு 'நிலையத்துக்கு நேர் எதிரே' என்று ஒரு வரி. வரைபடத்தில் நேர் எதிரேதான். நடுவில் பதினொரு தண்டவாளம். பத்தொன்பது நாட்டுப் பிரதிநிதிகள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும், பூச்செண்டோடு வரவேற்புக் குழு இந்தப் பக்கமும் நின்று, நடுவில் போன சரக்கு ரயிலின் ஐம்பத்திரண்டு பெட்டிகளின் இடைவெளிகளில் மாறி மாறிக் கையசைத்துக்கொண்டார்கள். அன்று அந்தக் குழுவில் பூச்செண்டு பிடித்து நின்றவர்களில் ஒருவர் பெட்டியக்கா. அன்றே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: "நான் நடக்காத வரிய நான் எழுத மாட்டேன்."

இந்தச் சட்டம் பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் நிறுவனத்தில் இதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது. அங்கே போக்குவரத்துக்கென்று ஏழு பேர் கொண்ட உபகுழு ஒன்று இருக்கிறது. ஏழு பேருக்கும் கார். பேருந்து எங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது; அதனால் கருத்து வேறுபாடும் கிடையாது. பெட்டியக்கா எழுதிக் கொடுப்பதை அவர்கள் 'செம்மை' செய்வார்கள். அவருடைய மேசையில் பழைய பிரதிகளைப் பார்த்தேன். அவர் எழுதியது:

'தெற்கு வாசலில் வெளியே வந்ததும் ஒருவர் வண்டி வேண்டுமா என்பார். வேண்டாம் என்றால் போய்விடுவார். பிறகு இன்னொருவர் வந்து பாதி விலை சொல்வார். இருவரும் அண்ணன் தம்பி. வண்டி ஒன்றுதான்.'

உபகுழு செம்மை செய்தது: 'நகர மக்கள் விருந்தினர்களை முகமலர்ச்சியுடன் அணுகுவர்.'

அவர் எழுதியது: 'கழிப்பறை இரண்டாம் நடைமேடையில். சாவி நாளிதழ்க் கடைக்காரரிடம். அவர் ஒன்றரைக்குச் சாப்பிடப் போவார். சாவியும் கூடவே போகும்.'

உபகுழு செம்மை செய்தது: 'நவீன வசதிகள் உண்டு.'

"சண்ட போட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சண்ட? கடைசிப் பிரதி அச்சகத்துக்கு என் கையாலதான் போகும். மொத பதிமூணு பக்கம் வாழ்த்துரை. அதுல என்ன வேணா போட்டுக்கட்டும். பதினாலுலேருந்துதான் வழி. அதுக்குள்ள ஒருத்தரையும் விட மாட்டேன்."

"இயக்குநர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமே?"

"போடுவாரு. ரெண்டாம் பக்கத்துல அவரு படம். இத்தன வருஷத்துல அதத் தாண்டி அவரு ஒரு பக்கம் புரட்டினதில்ல."

இந்த இடத்தில் என் விசாரணை முடிந்திருக்க வேண்டும். வதந்தி பொய். தெருவுக்குச் சொல்லிவிட்டால் ஒரு மனிதருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போய்விடும் என்பதால் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம்தான் ஒரு கடிதம் வந்தது.

தொலைதூர நாடு ஒன்றில் மலைமேல் இருக்கும் சிறிய பள்ளியின் ஆசிரியை எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். மாநாட்டின் மூன்றாம் நாள், 'எவரும் விடுபடாத கல்வி' என்ற அமர்வில் பேச அழைப்பு. பெட்டியக்கா எனக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னார்:

'என்னிடம் ஒரே கேள்வி. ரயிலிலிருந்து இறங்கியது முதல் அரங்கின் உள்ளே போகிறவரை, யாரும் என்னைத் தொடாமல் நான் தனியாக வர முடியுமா? போன வருடம் வேறொரு நாட்டு மாநாட்டில் நான்கு தொண்டர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அந்தப் படம் அந்த ஆண்டு அறிக்கையின் அட்டையில் வந்தது. படத்தில் நான்கு பேரும் சிரிக்கிறார்கள். முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். என் இடத்தில் சக ஆசிரியர் ஒருவரை அனுப்பிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் போதும்.'

இயக்குநரின் அறைக்கு அக்காவோடு நானும் போனேன். பேட்டி எடுக்க வந்தவன் என்பதால் எனக்கு நாற்காலி கிடைத்தது, அக்கா நின்றார்.

"இதுல என்னம்மா யோசனை? முழு வசதி உண்டுன்னு போடுங்க. நம்மகிட்டதான் சாய்தளம் இருக்கே."

"அது பின்பக்கம் இருக்கு சார். அது வழியா யாரும் போயி நான் பாத்ததில்ல."

"அதான் பளபளன்னு புதுசா இருக்கு."

சாய்தளத்தின் வரலாற்றை அக்கா வெளியே வந்து சொன்னார். இந்த ஊரில் மாநாடு நடத்த அனுமதி கேட்டபோது அனுப்பிய படிவத்தில் 'சாய்தளம் உண்டா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுத மனம் வராமல் இரண்டே வாரத்தில் ஒன்று கட்டினார்கள். ஒப்பந்தக்காரர் கீழிருந்து கட்டிக்கொண்டே போனார். மேலே போனபிறகுதான் கதவின் நிலைப்படி கணக்கிட்டதைவிட உயரத்தில் இருப்பது தெரிந்தது. மிச்ச உயரத்தையெல்லாம் கடைசி மூன்று அடியில் கட்டி முடித்துவிட்டார். படிவத்தில் 'உண்டா' என்றுதான் கேட்டிருந்தார்கள். ஏற முடியுமா என்று கேட்கவில்லை.

"உண்டுன்னு எழுதிட வேண்டியதுதானே அக்கா? உண்டுதானே?" என்றேன், சும்மா சீண்டிப் பார்க்க.

"அந்தம்மா கேட்டது அதில்லையே."

புதன்கிழமை, மருந்தகத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அவரே உட்கார்ந்தார். எனக்கு ஒரே உத்தரவு: பின்னால் வரலாம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்.

"எனக்கு இதுல பழக்கமில்ல தம்பி. அவங்களுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எனக்கே முடிஞ்சா அவங்களுக்குக் கண்டிப்பா முடியும். அந்தக் கணக்குலதான் எழுதப் போறேன்."

நிலையத்திலிருந்து கிளம்பினார். தெற்கு வாசலில் மின்தூக்கி வேலை செய்தது, குறித்துக்கொண்டார். நடைபாதை ஒரு தள்ளுவண்டியால் அடைபட்டிருந்தது. பழம் விற்கிறவரிடம், "அண்ணே, வர்ற பதினெட்டாம் தேதி காலைல எட்டு மணிக்கு இந்த வண்டி எங்க இருக்கும்?" என்று கேட்டார். அவர் பயந்து, "எங்க இருக்கணும்னு சொல்லுங்கம்மா," என்றார். வண்டி நான்கடி நகர்ந்தது. அதுவும் குறிப்பில் ஏறியது. பதினெட்டு நொடி விளக்கைத் தவிர்க்க ஒரு சந்தைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் பெயர்தான் குறிப்பில் ஏறவில்லை. வழியில் மூன்று பேர் ஓடிவந்து, "பாட்டிம்மா, தள்ளட்டுங்களா?" என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அந்தச் சொல்லைக் கேட்ட அவர் முகத்தை நான் பார்க்கவில்லை; பின்னால் இருந்தேன். கழுத்து சிவந்தது மட்டும் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு நிமிடத்தில் அரங்கின் பின்பக்கம் வந்து சேர்ந்தோம். உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயிருந்தன. சாய்தளத்தில் ஏறத் தொடங்கினார். பாதிவரை வந்தார். முக்கால்வரை வந்தார். கடைசி மூன்று அடியில் நாற்காலி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார். நான் இரண்டடி பின்னால் நின்றேன். என் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன, வாக்குத் தவறவில்லை. வலது கால் தவறியது. காலணி நுனியை நாற்காலியின் அடிக்கம்பியில் வைத்து ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

நாற்காலி மேலே ஏறிவிட்டது.

அவர் அப்படியே திரும்பினார். அதுவரை அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏறிட்டேன் தம்பி! தனியா!" என்றார். கன்றிப்போன கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். அந்தச் சிரிப்புக்கு முன்னால், அந்தக் கைக்கு முன்னால், நான் காலைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை அவர் ஆசிரியைக்குப் பதில் அனுப்பினார். மேடையில் மூன்று படி இருப்பதைச் சொல்லி, ஒலிவாங்கியைக் கீழே இறக்கிவைப்பதாக எழுதியிருந்தார். மற்றபடி தனியாக வரலாம் என்றும், தாமே வந்து பார்த்ததாகவும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை கையேட்டின் பதினான்காம் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"பத்திரிகைக்காரர் கண்ணுல பிழை தப்பாது. பாருங்க. அச்சகத்துல மை தயாரா நிக்குது."

படித்தேன். நடுவில் இருந்தது அந்த வரி: 'பின்வாசல் சாய்தளத்தின் கடைசி மூன்று அடி செங்குத்தானது. ஆனாலும் துணையில்லாமல் ஏற முடியும், ஏறிப் பார்த்திருக்கிறோம்.'

"பிழை ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு," என்றேன்.

சொன்னேன். அவர் கத்தவில்லை. பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"எந்தக் கால்?"

"வலது."

"எவ்வளவு தூரம்?"

"மூணடி இருக்கும். உதவியா இருக்கட்டுமேன்னு..."

"நாலு பேரு சிரிச்சுக்கிட்டே தூக்கினாங்களே, அவங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க," என்றார். "ஒன்பது வருஷத்துல நான் நடக்காம எழுதின ஒரே வரி இது. அதையும் நான் எழுதல. உங்க செருப்பு எழுதியிருக்கு. அந்தம்மா இந்நேரம் டிக்கெட் எடுத்திருப்பாங்க."

அச்சகத்துக்குப் போன் செய்து பதினான்காம் பக்கத்தை நிறுத்தினார். மருந்தகத்துக்கு ஆளனுப்பி நாற்காலியை மறுபடி வாங்கிவரச் செய்தார். என்னை இருபதடி தள்ளி, தெருவோரமாக நிறுத்தினார். அரங்கின் பண்டகசாலைக்காரரை மேலே கதவருகே காவல் வைத்தார். மூன்று தடவை ஏறிப் பார்த்தார். மூன்று தடவையும் அதே இடத்தில் நின்று, அதே வழியில் பின்னால் வந்தார். மூன்றாம் தடவை பண்டகசாலைக்காரர் பொறுக்காமல், "அக்கா, ஒரு கை குடுக்கட்டுமா?" என்றார்.

"கையத் தூக்கினா ஒடிச்சுடுவேன்," என்றார் அக்கா, பின்னால் உருண்டுகொண்டே.

அச்சகக்காரர் சும்மா இருக்கவில்லை. மை காய்கிறது என்று இயக்குநருக்கே போன் போட்டுவிட்டார். என்ன தாமதம் என்று பார்க்க, இயக்குநர் தம் வாழ்நாளில் முதல்முறையாகப் பதினான்காம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு மணிக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது. கூடவே நானும் போனேன். இந்தத் தடவை நானும் நின்றேன்.

மேசையில் அக்கா திருத்திக் கொடுத்த பக்கம் இருந்தது.

"'கடைசி மூன்று அடிக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தேவைப்படும்.' என்னம்மா இது? நாப்பது நாட்டுக்காரங்க படிக்கிற புஸ்தகம். தள்ளுன்னு ஒரு வார்த்தையா?"

"தள்ளாம ஏறலையே சார்."

"சாய்தளத்த சரி பண்ணிட்டா போச்சு."

"கட்டடக் குழுவுல வைக்கணும் சார். குழு அடுத்து கூடறது மாநாடு முடிஞ்சு ஒன்பதாம் நாள். நானே கேட்டுட்டேன்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் மிகவும் அன்பாகிவிட்டது. அந்த அறையில் அது நல்ல சகுனமல்ல. "நீங்க ரொம்ப உழைக்கறீங்க. உங்க ஒப்பந்தத்தப் பத்தி மாநாடு முடிஞ்சதும் பேசலாம்னு இருக்கேன். புதுசா ஒரு பையன் வந்திருக்கான், உட்கார்ந்த இடத்துலேயே கம்ப்யூட்டர்ல நாலு நிமிஷத்துல இதெல்லாம் எழுதிடறான். முழு வசதி உண்டுன்னு மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

அக்கா வெள்ளைத் தாளில் அச்சாகியிருந்த இரண்டாம் பக்கத்தை எடுத்து, அவர் படத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க போட்டுக்கலாம் சார். 'எல்லா வசதிகளும் உண்டு'ன்னு உங்க வாழ்த்துரைல வரட்டும். பதினாலாம் பக்கம் நான் குடுத்தபடிதான் வரும். ரெண்டும் ஒரே பெரிய தாள்ல அச்சாகுது. பதினாலு நின்னா உங்க படமும் நிக்கும். அச்சகக்காரர் வெளியில இருக்காரு."

இயக்குநர் தம் படத்தைப் பார்த்தார். நல்ல படம். பக்கவாட்டில், புத்தக அலமாரிக்கு முன்னால், தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல எடுத்தது. கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே வைக்கும்போது, "மாநாடு முடியட்டும்," என்றார் மறுபடி.

வெளியே வந்ததும், "பொய்ய அச்சாக்க நீங்களே வழி சொல்லிட்டீங்களே?" என்று கேட்டேன்.

"அது வாழ்த்துரை தம்பி. வாழ்த்துரைல யாரும் வழி தேட மாட்டாங்க."

ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் மேசைக்குப் போய், ஆசிரியைக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். 'நேற்று எழுதியது தவறு. நான் தனியாக ஏறவில்லை; எனக்குத் தெரியாமல் ஒருவர் காலால் தள்ளியிருக்கிறார். இன்று மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. வர வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதற்குக் காரணம் நாங்கள்தான்.' முழுப் பெயரோடு கையெழுத்திட்டு அனுப்பினார். அன்று மாலை அவர் வீடு திரும்ப எட்டு மணியாயிற்று. நிரந்தரமாகவே பிரிந்துவிட்டார் என்று தெருவில் பேச்சு. அவர் கணவருக்கு மூன்றாவதாக ஒரு பாத்திரம் வந்ததாகக் கேள்வி.

திங்கட்கிழமை பதில் வந்தது. அக்கா அதை எனக்குக் கொடுக்கவில்லை. தாமே படித்துக் காட்டினார்.

'முடியாது என்று ஒரு மாநாடு எனக்கு எழுதுவது இதுவே முதல் முறை. வருகிறேன். தூக்குவதுதான் எனக்குப் பிடிக்காது. ஒரு தள்ளு பரவாயில்லை. ஆனால் சில நிபந்தனைகள். தள்ளுபவர் கையால் தள்ள வேண்டும். நான் சொன்ன பிறகு தள்ள வேண்டும். யாரும் படம் எடுக்கக் கூடாது. தள்ளுபவர் சிரிக்கக் கூடாது. அவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.'

"பேரு எழுதி அனுப்பியாச்சு," என்றார் அக்கா.

"யார் பேரு?"

அவர் எழுந்து நடந்தார்; நானும் பின்னால் போனேன், அறுபதடி இடைவெளியெல்லாம் இல்லாமல். அரங்கின் பின்பக்கம் வந்தோம். ஆசிரியை வரும் பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. வெயிலில் சாய்தளம் வெள்ளையாக, ஒரு கறைகூட இல்லாமல் கிடந்தது.

"ஏறி வாங்க. இன்னும். இன்னும் ஒரு அடி. நில்லுங்க."

நின்றேன். பெட்டியக்கா கைப்பையிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார்.

"அசையாதீங்க," என்று சொல்லிவிட்டு, என் காலணிகளைச் சுற்றிக் கோடு இழுக்க ஆரம்பித்தார். முதலில் இடது. பிறகு, கொஞ்சம் அழுத்தி, வலது.